கைராசியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை

தில்லிப் பக்கம் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களில் ஜனவரி வந்தால் இந்த வசனம் கேட்கும்: "ஜேட் செடி அழுகிப்போச்சா? இவளுக்குக் கைராசியே கிடையாது." சொல்கிறவர் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் மருமகள். ரங்கமணிகள் அந்த நேரம் பார்த்து பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள்.

மக்களே, கைராசி என்று ஒன்று கிடையாது. வெப்பநிலை என்று ஒன்று உண்டு.

சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தில்லியில் அதே மாதம் 5 டிகிரிக்குக் கீழே போகிற இரவுகள் உண்டு. ஜேட் செடிக்குப் பிடித்தது 18 முதல் 24 டிகிரி வரை. 10-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆக, ஊரில் அத்தைக்கு இருந்த கைராசியில் பாதி சென்னை கொடுத்தது. அதை மருமகள் கணக்கில் பற்று எழுதுவது என்ன நியாயம்?

"பாலைவனச் செடிதானே, எதையும் தாங்கும்" என்பார்கள். ஜேட் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் பக்கத்துச் செடி. வறட்சியைத் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறதே, அதனால். உறைபனி விழுந்தால் அந்தத் தண்ணீரே உறைந்து செல்களைக் கிழித்துவிடும். மறுநாள் இலை கொழகொழவென்று தொங்கும்.

அடுத்தது, "வாரம் ஒரு தடவை தண்ணீர்." யார் போட்ட சர்க்குலரோ! வேர் எவ்வளவு குடிக்கும் என்பதைச் சூடும் வெளிச்சமும்தான் முடிவு செய்கின்றன, காலண்டர் இல்லை. குளிரில் செடி ஏறக்குறைய தூங்குகிறது. அப்போது ஊற்றினால் மண் ஈரமாகவே நிற்கும், வேர் அழுகும்.

சரி, ஹீட்டர் பக்கத்தில் வைக்கலாமா? வேண்டாம். பனிமூட்ட நாட்களில் வெளிச்சம் குறைவு. வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் கொடுத்தால் செடி வெளிறி, நெட்டையாக வளரும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். இரவு 10 டிகிரியை நெருங்கியதும் பால்கனியிலிருந்து உள்ளே எடுங்கள். பகலில் தெற்கு ஜன்னல் ஓரம், இரவில் கண்ணாடியை விட்டுத் தள்ளி. மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர். மே, ஜூனில் வெயில் 45-ஐத் தொடும்போது மேற்கு ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள், இலை வெந்துவிடும். ஏசி அறை பரவாயில்லை, காற்று நேராக அடிக்கக்கூடாது. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் கரியமில வாயுவை வாங்குகிறது. இரவும் புழுங்கினால் அந்த வேலை மந்தமாகும். கோடையில் வளரவில்லையே என்று அதற்கும் யாரையும் திட்டவேண்டாம்.

"ஒரு செடிக்கு இவ்வளவு நீட்டி முழக்கணுமா?" என்கிறீர்களா? மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர். பாஷை புரியாத ஊரில், நாலடி பால்கனியில், தனக்கென்று ஒரு தொட்டி வைத்துக்கொள்கிறாள் ஒருத்தி. அவளைப் பார்த்து ராசியில்லாதவள் என்றால் அந்த வார்த்தை தொட்டியோடு நிற்காது. நாளைக்குப் பிள்ளைக்கு மார்க் குறைந்தாலும், வீட்டுக்காரருக்குப் பிரமோஷன் தள்ளிப்போனாலும் அதே வார்த்தை வரும். எங்கள் பேங்க் குவார்ட்டர்ஸில் வருவதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

ரங்கமணிகளே, பேப்பரை மடித்து வையுங்கள். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். அடுத்த தடவை செடி வாடினால் தங்கமணி முகத்தைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.