அடுப்பு மாறிடுச்சு... அடுப்படி மாறிச்சா? டெல்டா வீடுகளுக்கு ஒரு கேஸ் அலர்ட்!

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. ஆனால், தஞ்சாவூர், திருவாரூர், நாகை கிராமங்களில் கீற்றுக்கு அடியிலேயே அடுப்பு எரியும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு, 2016-ல் வந்த மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் என குடிசை வரைக்கும் சிலிண்டர் வந்துடுச்சு. புகையில் கண் எரிந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனா, சிலிண்டர் விலையை நினைச்சு வெந்நீருக்கும் உலைக்கும் விறகடுப்பு தொடருது. ஒரே அடுப்படியில் இந்தப் பக்கம் கேஸ், அந்தப் பக்கம் தணல். சிக்கலே இங்குதான்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கே அணையாத தணல் இருந்தால் அதுவே போதும். கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியணும்னுதான் எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள்.

நாற்றம் வந்தால்?

ரெகுலேட்டரை மூடுங்க. கதவு, ஜன்னலைத் திறங்க. சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் பண்ணுங்க.

இப்பவே பார்க்க வேண்டியவை

* சிலிண்டர் நிமிர்ந்து நிற்கணும்; அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கணும்.

* சிலிண்டரில் 'பி-27' என்றிருந்தால், 2027 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அதை மறுபரிசோதனை செய்யணும். கெடு தாண்டியதை வாங்காதீங்க.

* ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள டியூபையே வாங்குங்க. அதில் அச்சிட்ட காலம் முடிந்தால் மாற்றுங்க.

எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் விபத்துக் காப்பீடும் உண்டு. நாம் தனியாக பிரீமியம் கட்டுவதில்லை. விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கணும். போலீஸிலும் புகார் பதிவாகணும்.

'பொம்பளைங்க கவனமா இருக்கணும்' என்பதோடு பேச்சு முடியக்கூடாது. அடுப்புக்கு மேடை கட்டுவதும், விறகடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுவதும் வீட்டு ஆண்களின் வேலையும்தான். இலவசமாக அடுப்பு கொடுத்த அரசுகள், தீப்பிடிக்காத கூரையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த உதவி முழுமையாகும்.