உரிப்பதற்கும் ஒரு நேரம் உண்டு

புதுப் பொருள் ஒன்று வந்ததும் அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தெறியத்தான் நம் கை முதலில் நீளும். மாணவர்களே, அந்த அவசரத்தால் நான் ஓர் ஆடியையே பாழாக்கியிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு முன்பரப்பு ஆடி ஒன்று வாங்கினோம். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில் உலோகப் பூச்சு பின்புறம் இருக்கும். இதிலோ அலுமினியப் பூச்சு முன்புறமே இருக்கிறது. காப்புத் தாளை உரித்துவிட்டு, பிறகே அளவுக்கு வெட்டச் செய்தேன். சிதறிய கண்ணாடித் துகளைத் துணியால் துடைத்ததும் ஆடியெங்கும் கீறல்! அலுமினியத்தைவிடக் கண்ணாடி கடினமானது அன்றோ?

பெரிய கட்டடங்களுக்கான வெப்பத்தடைக் கண்ணாடிக்கும் இதே ஆபத்து உண்டு. அதன்மேல் படிந்த வெள்ளிப் படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ 7,000-இல் ஒரு பங்கு. கரும்பொருள் வெளிவிடும் வெப்பக் கதிர்வீச்சில் சாதாரணக் கண்ணாடி சுமார் 84 சதவீதத்தை வெளிவிடும். இப்பூச்சு பெற்ற பரப்பு வெளிவிடுவதோ 10 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் அறையின் வெப்பநிலை காக்கப்படுகிறது.

இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்டபின் படலத்துக்கு அச்சமில்லை. அதற்குமுன் வெட்டுதல், விளிம்பு தேய்த்தல், கழுவுதல், ஏற்றி இறக்குதல் என்று எத்தனை கண்டங்கள்! அவற்றைத் தாண்டும்வரை காப்பதே தற்காலிகத் தாளின் பணி. வலிமையூட்டக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குவார்கள். உலைக்குள் செல்லும் சற்று முன்னரே தாளை உரிக்க வேண்டும். வேலை சுலபம் என்று முன்கூட்டியே உரிப்பது தவறு என்பேன்.

“பிளாஸ்டிக் குப்பை சேருமே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சுமார் 1,500 டிகிரியில் உருக்கிச் செய்த பலகை முழுவதும் வீணாவது அதைவிடப் பெரிய நட்டம். மெல்லிய கார்பன் படலத்தைக் காப்பாகப் பூசும் முறையும் உண்டு. உலையில் அது எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், தாளும் மிஞ்சாது. இத்தகைய முறைகள் பெருக வேண்டும் என்பதே என் விருப்பம்.

தூக்கியெறியப்படும் பொருள் என்பதால் அது அற்பமானது ஆகிவிடாது. அடுத்த முறை ஒரு தாளை உரிக்குமுன், அதன் பணி முடிந்துவிட்டதா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.