குதிரை வயித்துக்குள்ள பாத்துட்டு மருந்து குடுங்கப்பா!

ஆணி பிடுங்கற வேலைக்கு நடுவுல குதிரையைப் பத்தி எழுத உனக்கு என்னடா வந்துச்சுன்னு நண்பர்கள் கேட்கலாம். எங்க ஊர் பெரிய முதலியார்சாவடி. ஈ.சி.ஆர். ரோட்டுல கோட்டக்குப்பம் தாண்டினதும் வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில். அங்கே ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கறதால குதிரை எங்களுக்கு ஒண்ணும் அதிசயம் இல்லை. ஆனா நான் சொல்ல வர்றது கல்யாண ஊர்வலத்துலயும் மெரினா மணல்லயும் சவாரி போய் ஒரு குடும்பத்துக்கே சோறு போடுதே, அந்தக் குதிரைங்களைப் பத்தி.

குதிரையோட வயிறு ஒரு விசித்திரமான டிசைன். இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான். அமிலம் மட்டும் 24 மணி நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கும். அதைத் தணிக்கிற எச்சில் மென்னாத்தான் ஊறும். நாள் பூரா புல் மேயற பிராணிக்கு இது சரி. நாம என்ன பண்றோம்? கட்டிப் போட்டு, ரெண்டு வேளை கொள்ளு, தவிடு வச்சுட்டு, வெறும் வயித்தோட ஓட விடறோம். ஓடும்போது அமிலம் மேலே தெறிக்குது. இரைப்பையோட மேல் பாதிக்குப் பாதுகாப்புப் படலமே கிடையாது. புண்ணு வராம என்ன செய்யும்?

அறிகுறி எல்லாம் மொட்டையா இருக்கும். தீனி பாதியில நிக்கும், இளைக்கும், சேணத்தை இறுக்கினா கடிக்க வரும், அப்பப்ப லேசா வயித்து வலி. "சூடு பிடிச்சிருக்கு"ன்னு ஒருத்தர், "திமிரு"ன்னு இன்னொருத்தர். கடைசியில ஒரு வலி ஊசி. அந்த வலி மருந்தையே தொடர்ந்து அதிகமாக் குடுத்தா இரைப்பையில புண்ணு வரும்கறதுதான் கொடுமை! லாக் பைலைத் திறக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற கதை. இதுல ரீஸ்டார்ட்டே சர்வரைக் கெடுக்குது.

உள்ளே பார்க்க எண்டோஸ்கோப்பி இருக்கு. சுமார் 3 மீட்டர் நீளக் குழாய், நுனியில கேமரா. ராத்திரி தீனியை நிறுத்திட்டு, லேசா மயக்க ஊசி போட்டு, நின்ன நிலையிலேயே மூக்கு வழியா விடுவாங்க. (வாய் வழியா விட்டா மென்னு துப்பிடும்!) வெட்டு இல்லை, தையல் இல்லை. புண்ணு எங்கே, எவ்வளவு ஆழம்னு திரையில தெரிஞ்சிடும்.

பந்தயக் குதிரைங்களுக்கு இது ரொம்ப நாளா நடக்குது. 2005-ல வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒண்ணுல, ஓடி முடிச்ச 744 குதிரைகளோட மூச்சுக்குழாயைப் பாத்தப்ப பாதிக்கு மேல ரத்தக் கசிவு. மூக்கு வழியா ரத்தம் வெளியே தெரிஞ்சது வெகு சிலதுலதான். வெளியே தெரியற அறிகுறியை மட்டும் நம்பினா எவ்வளவு தப்பும்னு இதுலயே புரியும்.

"கருவிக்கு லட்சக்கணக்குல செலவு, ஒமிப்ரசோல் குடுத்துப் பாத்தா போதாதா?"ன்னு கேட்பாங்க. பாதி நியாயம். மேல் பாதிப் புண்ணு அதுக்கு நல்லாவே ஆறும். கீழ் பாதிப் புண்ணு அவ்வளவு சுலபத்துல மசியாது. வாரக்கணக்கா குதிரைக்கேத்த அளவுல மருந்து வாங்கி, அப்புறம் நோயே வேறன்னு தெரிஞ்சா, அந்தக் காசு யாரோடது? சவாரிக்காரரோடது.

அதுக்காகக் குழாய் எல்லாத்தையும் காட்டிடும்னு நான் சொல்லலை. கடற்கரைக் குதிரைங்க தீனியோட மணலையும் தின்னுதுங்க. அது பெருங்குடல்ல போய் தங்கும், 3 மீட்டர் அங்கே எட்டவே எட்டாது. அதுக்கு சாணியை ஒரு கையுறைக்குள்ள போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கித் தொங்க விட்டா மணல் விரல் நுனியில இறங்கும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா மணல் இறங்கலைன்னா குடல்ல இல்லைன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியா முழுக்கவே குதிரை, மட்டக்குதிரை எல்லாம் சேர்த்து 3.4 லட்சம்தான், 2012-ல இருந்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேல. இத்தனை குறைவான பிராணிக்கு ஊர் ஊரா கருவி வைங்கன்னு கேட்க முடியாதுதான். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, இங்கே புதுச்சேரி குரும்பாபேட் கல்லூரி மாதிரி இடங்கள்ல, சவாரிக் குதிரைங்களுக்குன்னு மாசத்துல ஒரு நாள், குறைஞ்ச கட்டணத்துல, முன்பதிவோட ஒதுக்கினா போதும். முந்தின ராத்திரி தீனி போடாதீங்கன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லணும். வண்டி வாடகைக்கு ஏதாவது உதவி பண்ணணும். குதிரையை ஈ.சி.ஆர்.ல நடத்தியே கூட்டிட்டுப் போக முடியாதுல்ல?