இரவல் சொல்லுக்கு இரவல் நாவா?

ஒருவருடைய கல்வியை அவருடைய உச்சரிப்பைக் கொண்டு அளக்கும் பழக்கம் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அவ்வளவுகோல் மிகுதியாக நீட்டப்படுவது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொற்களின்மேல்தான். 'பேலே' என்னும் நடனத்தின் பெயரை எழுத்தில் கண்டபடி 'பேலட்' என்று படித்துவிட்ட மாணவனைப் பார்த்து வகுப்பு நகைக்கிறது. 'ரெஸ்டராண்ட்' என்று தெளிவாகச் சொல்பவரைவிட, இறுதி டகரத்தை விழுங்கி 'ரெஸ்டரோன்' என்று மூக்கால் முடிப்பவர் மேலானவராக மதிக்கப்படுகிறார். ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகவோ மூன்றாவது மொழியாகவோ கற்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவன் இந்நகைப்புக்கு அஞ்சியே பலபோது வாய் திறவாது இருந்துவிடுகிறான். அவன் அஞ்சுவதற்குரிய தகுதி அந்நகைப்புக்கு உண்டா? மொழி வரலாறு இல்லை என்றே விடை கூறுகிறது.

பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலேயர் ஒரே முறையில் ஒலிப்பதில்லை. ஒலித்த காலமும் இல்லை. 1066ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைகள் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. நீதிமன்ற வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சியில் பிரெஞ்சின் பிடி தளர்ந்தபோதும், அது கொண்டுவந்த சொற்கள் வெளியேறவில்லை. 'டேபிள்', 'சேர்', 'ஜஸ்டிஸ்', 'மேரேஜ்', 'வில்லேஜ்' என ஆயிரக்கணக்கான சொற்கள் மக்கள் வாயில் நிலைத்துவிட்டன. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லின் இறுதியில் விழும். ஆங்கிலேயரோ அவ்வழுத்தத்தை முதலசைக்கு இழுத்துக்கொண்டனர். மூக்கொலி உயிர்களைக் கைவிட்டனர். தம் நாவுக்கு எது இயல்போ அதுவே முறை என்று கொண்டனர். இன்று ஓர் ஆங்கிலேயர் 'வில்லேஜ்' என்ற சொல்லைப் பாரிசு நகரத்தார்போல் 'வீலாஷ்' என்று ஒலிப்பாராயின், அவரைக் கற்றவர் என்று எவரும் புகழமாட்டார். பித்தர் என்றே எண்ணுவர்.

இனி, அதே ஈறு கொண்ட மற்றொரு சொல்லைக் காண்போர் வியப்படைவர். உந்துவண்டியோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திற்கு வந்தது 'கேரேஜ்'. இங்கிலாந்திலேயே சிலர் இதனை 'மேரேஜ்' என்பதுபோல் ஒலிக்கின்றனர். வேறு சிலர் முதலசையை அழுத்தி 'கேராஷ்' என்கின்றனர். அமெரிக்கர் இறுதியை அழுத்திக் 'கராஷ்' என்கின்றனர். இங்கு ஷகரத்தால் எழுதப்பட்ட ஒலி, அதனினும் மென்மையாகக் குரலோடு பிறப்பது; தமிழெழுத்தில் அதற்கு நேர்வடிவம் இல்லை. 'வில்லேஜ்' என்பதற்கு உரிய விதி 'கேரேஜ்' என்பதற்கு ஏன் இல்லை? ஒன்று பழைய குடி, மற்றொன்று புதிய குடி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. புதிய குடியும் நாளடைவில் பழைய குடியாகும்.

"எத்தனை வேறுபாடு இருப்பினும் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதே சரியன்றோ?" என்று வினவுவோர்க்கு ஒரு மறுவினா உண்டு. எந்த நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்? தலைவனைக் குறிக்கும் 'சீஃப்' என்ற சொல்லும் சமையற்கூடத் தலைவரைக் குறிக்கும் 'ஷெஃப்' என்ற சொல்லும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரு பிறவிகள். முன்னது இடைக்காலத்தில் ஆங்கிலம் புகுந்தது. அக்காலப் பிரெஞ்சில் அதன் முதலொலி, 'அச்சம்' என்னும் தமிழ்ச் சொல்லில் வரும் சகரம்போல் வலிந்தே ஒலித்தது. பின்னர்ப் பிரெஞ்சில் அவ்வொலி ஷகரமாக நெகிழ்ந்தது. அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் ஆங்கிலத்திற்கு வந்தபோது 'ஷெஃப்' ஆயிற்று. 'ஹாஸ்டல்', 'ஹோட்டல்' என்னும் இரண்டும் இவ்வாறே ஒரு தாய் மக்கள். பழம்பிரெஞ்சில் இருந்து பின்னர் மறைந்த ஸகரத்தை 'ஹாஸ்டல்' இன்றும் காத்து வைத்திருக்கிறது. 'சீஃப்' என்று வலித்துச் சொல்லும் ஆங்கிலேயர் பிரெஞ்சைச் சிதைத்தவர் அல்லர். பிரெஞ்சுக்காரர் இழந்துவிட்ட ஒலியைப் பேணி வைத்திருப்பவர்.

கடன் கொடுத்தவர் கடன் வாங்கும்போது எப்படி நடக்கிறார் என்பதும் நோக்கத்தக்கது. சிறுபையைக் குறித்த பழம்பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' ஆகி, அரசின் வரவு செலவுத் திட்டத்தைக் குறிக்கலாயிற்று. அதனைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெற்றனர். பெற்றபின் ஆங்கிலேயர்போலவா ஒலிக்கின்றனர்? இறுதி டகரத்தை நீக்கித் தம் முறைப்படியே ஒலிக்கின்றனர். அதற்காக அவர்கள் நாணுவதும் இல்லை.

இனி, இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விதி என்று ஒன்றும் தேறாது. 'கஃபே', 'பேலே' முதலிய சொற்களில் ஆங்கிலேயர் முதலசையை அழுத்துவர். அமெரிக்கர் பிரெஞ்சை ஒட்டி இறுதியசையை அழுத்துவர். முள் நீக்கிய மீன்துண்டத்தை ஆங்கிலேயர் 'ஃபில்லிட்' என்பர். அமெரிக்கர் 'ஃபிலே' என்பர். இவற்றைக் கொண்டு அமெரிக்கரே பிரெஞ்சுக்கு நெருங்கியவர் என்று முடிவு கட்டலாமா? இலூசியானா, மிசௌரி முதலிய பகுதிகளில் பிரெஞ்சுக் குடியேறிகள் வாழ்ந்த அதே நாட்டில், பிரெஞ்சு மன்னரின் அரண்மனையால் புகழ்பெற்ற 'வெர்சாய்' என்ற பெயரைத் தாங்கிய கெண்டக்கி மாநில ஊர் 'வெர்சேல்ஸ்' என்றே வழங்குகிறது.

மூலிகையைக் குறிக்கும் சொல்லை அமெரிக்கர் ஹகரமின்றி 'எர்ப்' என்கின்றனர். ஆங்கிலேயர் 'ஹெர்ப்' என்கின்றனர். அமெரிக்கர் கூறுவதைக் கேட்டு ஆங்கிலேயர் சிலர் எள்ளுவதுண்டு. ஆயின் பிரெஞ்சிலிருந்து அச்சொல் வந்தபோது ஹகரம் ஒலிக்கப்படவில்லை. இலத்தீனை நோக்கி எழுத்தில் சேர்க்கப்பட்ட ஹகரம் இங்கிலாந்தில் வாய்மொழிக்கு ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். எள்ளுவோரின் பாட்டன்மாரும் 'எர்ப்' என்றே கூறியவர்கள். அவ்வாறாயின் 'ஹானர்', 'ஹவர்' என எழுத்துக் கூட்டினால் ஹகரம் வரவேண்டிய சொற்களை இரு நாட்டாரும் ஹகரமின்றி 'ஆனர்', 'அவர்' என்பது ஏன்? பழக்கம் ஒன்றே காரணம். படைத்துறை அதிகாரி ஒருவர் இலண்டனில் 'லெஃப்டெனன்ட்', வாசிங்டனில் 'லூட்டெனன்ட்'. அவருடைய தகுதியும் ஊதியமும் ஒலிப்பால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கடித உறையை 'என்வலோப்' என்பாரும் 'ஆன்வலோப்' என்பாரும் ஒரே வீட்டில் உண்டு. கடிதம் இருவர் கையிலிருந்தும் போய்ச் சேர்கிறது.

ஏளனத்திற்கு அஞ்சும் நா என்ன செய்யும் என்பதற்கும் ஆங்கிலமே சான்று தருகிறது. துன்புறும் உயிரை இரக்கத்தால் முடித்துவைக்கும் இறுதி அடியைப் பிரெஞ்சில் 'கூ டெ கிராஸ்' என்பர். பிரெஞ்சில் ஈற்றெழுத்து ஒலிக்காது என்று அரைகுறையாகக் கேட்டறிந்தவர், ஒலிக்க வேண்டிய ஸகரத்தையும் விட்டுக் 'கூ டெ கிரா' என்கின்றனர். 'கருணை அடி' என்பது 'கொழுப்பு அடி' என்று பொருள் மாறிவிடுகிறது! சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கின் நடுவில் உள்ள ஒலி, ஆங்கிலத்திலேயே உள்ள எளிய ஜகரத்திற்கு நெருங்கியது. அவ்வாறிருந்தும் அயற்சொல் எனின் பிரெஞ்சுபோல் குழைய வேண்டும் என்ற மயக்கத்தால், 'கராஷ்' என்பதன் ஈற்றொலியை அங்கே புகுத்துகின்றனர். தாஜ்மகாலின் ஜகரமும் அவர்கள் வாயில் அவ்வாறே குழைகிறது. சீனமும் இந்தியும் பிரெஞ்சு உடை உடுத்தி நிற்கும் இக்காட்சி அறிவின் விளைவு அன்று, அச்சத்தின் விளைவு.

எல்லாவற்றினும் நெஞ்சைச் சுடும் உண்மை ஒன்று உண்டு. இலெஸ்டர்சயர் வட்டாரத்தில் பிரெஞ்சுப் பெயர் பூண்ட புகழ்வாய்ந்த கோமாளிகை ஒன்று உள்ளது. 'பெல்வுவார்' என்று ஒலிக்க வேண்டிய அப்பெயரை ஆங்கிலேயர் 'பீவர்' என்கின்றனர். 'போல்யூ' என்ற ஊர் 'ப்யூலி' ஆகிறது. 'போஷான்' என்ற உயர்குடிப் பெயர் 'பீச்சம்' ஆகிறது. இவ்விடங்களில் பிரெஞ்சு முறைப்படி ஒலிப்பவரே அறியாதவராக எண்ணப்படுகிறார்! கோமகன் பிரெஞ்சைத் திரித்தால் மரபு. கெண்டக்கிக் குடியானவர் திரித்தால் பட்டிக்காட்டுத்தனம். பினாங்கிலோ ஈப்போவிலோ படிக்கும் மாணவன் திரித்தால் கல்லாமை. திரிபு ஒன்றே, தீர்ப்பு மூன்று. எனவே இங்கு அளக்கப்படுவது ஒலியன்று. ஒலிப்பவரின் பிறப்பும் செல்வமும் ஆகும். உச்சரிப்பின் பெயரால் நடக்கும் ஏளனம் குலப்பெருமையின் வேறொரு வடிவமே.

ஆங்கிலப் பேரறிஞர் பலர் இப்போலிப் பெருமைக்குத் துணைபோகவில்லை. 1913இல் கவிஞர் இராபர்ட் பிரிட்ஜஸ் முதலியோர் தோற்றுவித்த தூய ஆங்கிலக் கழகம், அயற்சொற்கள் ஆங்கில இயல்புக்கேற்ப மாறுவதே நன்று என்று வாதிட்டது. 1917இல் ஒலிப்பு அகராதி வெளியிட்ட டேனியல் ஜோன்ஸ், ஒரே சொல்லுக்கு வழக்கிலுள்ள பல ஒலிப்புகளையும் பதிவு செய்தார். மக்கள் எப்படிப் பேசுகின்றனர் என்று காட்டுவதே தம் பணி, எப்படிப் பேச வேண்டும் என்று ஆணையிடுவது அன்று என்பது அவர் நிலை. 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு நூலில் ஃபவ்லர், ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் பிரெஞ்சுக்காரர்போல் ஒலித்துக் காட்டுவது வாய்க்குக் கழைக்கூத்துப் பயிற்சி தருவது போன்றது என்னும் கருத்துப்படக் கண்டித்துள்ளார்.

"அவ்வாறாயின் எவரும் எப்படியும் ஒலிக்கலாமோ? ஆசிரியர் எதற்கு?" என்று கேட்கப்படும். எப்படியும் ஒலிக்கலாம் என்பது இங்குக் கூறப்படவில்லை. கேட்போருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பது முதல் விதி. இரு நாட்டாரும் டகரத்தை விட்டு ஒலிக்கும் 'பேலே' போன்ற சொற்களில், அவ்வழக்கை ஆசிரியர் கற்பிக்கத்தான் வேண்டும். வழக்குகள் இரண்டாக இருக்கும் இடத்தில் இரண்டையும் எடுத்துக்கூறி, ஒன்றைப் பின்பற்றச் செய்வது போதும். ஒருவருடைய பெயரை மட்டும் அவர் விரும்பும் வண்ணம் ஒலிக்க முயல்வது பண்பு. திருத்துதல் ஆசிரியர் கடமை. நகைத்தல் எவர் கடமையும் அன்று. எழுத்தில் மட்டுமே ஒரு சொல்லைக் கண்டவன் அதனைப் பிழையாக ஒலிக்கிறான் என்றால், அவன் நூல் படிப்பவன் என்பதற்கு அதுவே சான்று. அவனைப் பாராட்டிய பிறகன்றோ திருத்த வேண்டும்?

தமிழாசிரியருக்கு இவ்வுண்மை புதிதும் அன்று. வடசொல் தமிழில் புகும்போது வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தை ஏற்று வரவேண்டும் என்று வரையறுத்தது தொல்காப்பியம். மேசை, சாவி, அலமாரி என்னும் போர்த்துகீசியச் சொற்கள் தமிழ் நாவில் தமிழாகவே வழங்குகின்றன. லிஸ்பன் நகரத்தார்போல் ஒலிக்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்தியதில்லை. மலாய் மொழி 'ரெஸ்தோரான்' என்றும் 'காராஜ்' என்றும் தான் ஒலிக்கும் வண்ணமே எழுதிக்கொண்டது. தமிழரின் கட்டுமரம் ஆங்கிலேயர் வாயில் 'கேட்டமரன்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மலிகடானி' ஆயிற்று. அவற்றைத் திரித்ததற்காக எந்த ஆங்கிலேயரும் தலைகுனிந்ததில்லை. குனிய வேண்டியதும் இல்லை. அவ்வுரிமை தமிழ் மாணவனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மறுப்பவர் வெளியாரே என்று கூறித் தப்பவும் வழியில்லை. 'ரெஸ்டரோன்' என்று மூக்கொலி வருவதற்காக வியர்க்க வியர்க்கப் பயிலும் தமிழர் சிலர், தம் மொழியின் பெயரைத் 'தமில்' என்று கூசாது கூறுகின்றனர். இரவல் சொல்லின் ஒலிக்கு இத்துணை அஞ்சுபவர், பிறந்த மொழியின் ழகரத்திற்குச் சிறிதும் அஞ்சவில்லை. ழகரம் இரவல் ஒலியன்று. அதனைக் காக்க வேறு எந்நாட்டாரும் வரப்போவதில்லை. நாவைப் பயிற்ற வேண்டிய இடம் எது என்பதை இவ்வொன்றே காட்டும்.

தமிழ்ப்பள்ளிகளிலும் பயிற்சிக் கல்லூரிகளிலும் செய்யத்தக்கது அரிதன்று. ஒரு சொல்லின் ஒலிப்பைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையும் இரண்டு வாக்கியத்தில் கூறலாம். 'சீஃப்', 'ஷெஃப்' என்னும் இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதினாலே போதும். ஒலி காலத்தோடு மாறும் என்பதை மாணவன் தானே உணர்வான். அவ்வாறு உணர்ந்தவன் பிறர் நகைப்புக்கு அஞ்சமாட்டான். பிறரை நகைக்கவும் மாட்டான். சொல்லைக் கடன் வாங்கலாம். எல்லா மொழியும் வாங்கியிருக்கிறது. நாவை அடகு வைக்க வேண்டியதில்லை.