மலைப்பாதையில் துணிவு

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியவர்கள் நாம். நமது கடலோரம் சமதரை. அப்பழக்கத்தோடு மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் நம் இளைஞர்கள் பதினெட்டு வளைவு வீதியில் தடுமாறுவதில் வியப்பில்லை. அஞ்சுவது வெட்கமன்று, அச்சத்தை மறைக்க வேகமாக ஓட்டுவதே ஆபத்து.

பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருள விடுவதும் தவறு. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். அது சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத்தை விடாமல் திரும்ப வேண்டும்.

முதலில் பின்னால் ஆளை ஏற்றாமல், மழையற்ற பகலில், பழகிய ஒருவரின் பின்னே சில தடவை போய்வரட்டும். துணிவு பழக்கத்தால் வருவது. வண்டி வாங்கிக் கொடுக்கும் நாம் இதையும் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.