யாத்திரைன்னு சொல்லி கடைக்குக் கூட்டிப் போகாதீங்க



இலங்கை யாத்திரை எப்படி இருந்துச்சுன்னு நாங்க திரும்பி வந்த நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானக் கூடத்துல நின்னு ஆளுக்கு ஒரு பதில் சொல்றதைவிட, தொண்டர்கள் நாங்க ஆறு பேரும் பேசி ஒரே பதிலா இங்க எழுதிடறோம். கொஞ்சம் நீளம்தான். அடுத்த வருஷம் போகணும்னு இப்பவே சீட்டுக் கட்டுறவங்க தயவு செய்து கடைசி வரைக்கும் படிங்க.

இது ஆலயம் ஏற்பாடு செஞ்ச பயணம் இல்ல. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து பக்தர்கள் முப்பத்திரண்டு பேர் ஒரு டிராவல் கம்பெனி மூலமா போனது. வயசானவங்க அதிகம்ங்கிறதால துணைக்கு நாங்க போனோம். கம்பெனி பேரை இங்க போடப் போறது இல்ல. மற்ற ஆலயத்து ஆளுங்க கிட்ட பேசினா அவங்களும் வேற வேற கம்பெனியில போயிட்டு இதே கதையைத்தான் சொல்றாங்க.

எங்க கருத்தை நேராவே சொல்லிடறோம். நோட்டீஸ்ல சாமி படம் போட்டு, பஸ்ஸுல ஏத்தி, கடை கடையா இறக்கி விடுறதுக்குப் பேரு யாத்திரை இல்ல. அது வியாபாரம். வியாபாரம் தப்பு இல்ல. ஆனா அதை யாத்திரைன்னு விக்கிறது தப்பு.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நோட்டீஸ்ல ஐந்து நாள், நான்கு இரவு. தலைக்கு மூவாயிரம் வெள்ளிக்குப் பக்கம். முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், இறம்பொடை ஆஞ்சநேயர், சீதா எலிய சீதையம்மன்னு நாலு கோயில் பேரு பெரிய எழுத்துல இருந்துச்சு. கடைங்களைப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

முதல் நாள் ராத்திரி போய் இறங்கினதோட சரி. இரண்டாம் நாள் விடிகாலையில முன்னேஸ்வரம் போனோம். சிலாபம் பக்கத்துல இருக்கிற பழமையான சிவாலயம். "அரை மணி நேரம்தான், சீக்கிரம் வாங்க"ன்னு கைடு கைகடிகாரத்தைக் காட்டினாரு. சரி, திருகோணமலை ரொம்ப தூரம், அதான் அவசரப்படுத்துறாருன்னு எல்லாரும் ஓடி வந்து ஏறினாங்க. ஆனா வழியில ஒரு மசாலாத் தோட்டத்துல பஸ் நின்னுச்சு. அங்க ஒன்றரை மணி நேரம். முட்டி வலிக்கு ஒரு தைலம், முடி வளர ஒரு எண்ணெய், சர்க்கரைக்கு ஒரு பொடின்னு ஒவ்வொண்ணா விளக்கம் சொல்லி, கடைசியில பில் போடுற மேசைக்கு முன்னால கொண்டு போய் நிறுத்தினாங்க.

அதை முடிச்சுக்கிட்டு திருகோணமலை போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால். உச்சிக்கால பூஜை முடிஞ்சு நடை சாத்தியாச்சு. சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பாங்க, இருந்து பார்த்துட்டுப் போகலாம்னு கேட்டோம். "முடியாது, ராத்திரிக்குள்ள கண்டி ஹோட்டலுக்குப் போகணும்"னு சொல்லிட்டாரு.

அது என்ன கோயில்னு தெரியாதவங்களுக்குச் சொல்றோம். கடலுக்கு மேல செங்குத்தா நிக்கிற பாறை உச்சியில இருக்கு. திருஞானசம்பந்தர் பதிகம் பாடின தலம். அவர் கடல் தாண்டிப் போகல, இராமேஸ்வரத்துல இருந்தே கோணமலையை நினைச்சுப் பாடினாருன்னு பெரியபுராணம் சொல்லுது. அருணகிரிநாதரும் திருப்புகழ் பாடியிருக்காரு. 1620-களில் போர்த்துகீசியர் அந்தக் கோயிலை இடிச்சுத் தள்ளி, அந்தக் கல்லை வச்சே கோட்டை கட்டினாங்க. முன்னூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1950-ல கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ள இருந்து பழைய சாமி சிலைங்க கிடைச்சுது. அதுக்கப்புறம்தான் இப்போ நாம பார்க்கிற கோயில் எழும்புச்சு. இடிச்சவங்களே போய்ச் சேர்ந்துட்டாங்க, சாமி மண்ணுக்குள்ள காத்திருந்து திரும்பி வந்தாரு. அந்தச் சாமிக்காக நாம மூணு மணி நேரம் காத்திருக்க முடியல, ஏன்னா மறுநாள் காலையில கண்டியில ரத்தினக் கல் கடைக்கு நேரம் குறிச்சாச்சு!

இந்த வரலாறு எதையும் கைடு சொல்லல. அவர் சொன்னது, "இங்க வியூ ரொம்ப நல்லா இருக்கும், போட்டோ எடுத்துக்குங்க." சம்பந்தர் அக்கரையில இருந்து பாடினாரு. நாங்க வாசல்ல நின்னு சாத்தின கதவைக் கும்பிட்டோம்.

மூணாம் நாள் கதையும் அதேதான். ரத்தினக் கல் கடையில சுரங்கத்தைப் பத்தி ஒரு படம் போட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ஒரு விற்பனையாளர் நின்னாரு. அங்கேர்ந்து பத்தேக் கடை. அப்புறம் இறம்பொடையில சின்மயா மிஷன் கட்டின ஆஞ்சநேயர் கோயில். மலை மேல பனி மூடிக்கிட்டு, பார்க்கவே மனசு நிறையுது. அங்க இருபத்தைந்து நிமிஷம். அடுத்து டீ பேக்டரி, அங்க கடையோட சேர்த்து ஒன்னே கால் மணி நேரம். நாலாம் நாள் சீதா எலிய. நுவரெலியாவுல இருந்து பதுளை போற ரோட்டுல, ஓடைக்கரையில இருக்கு. அசோக வனத்துல சீதை இருந்த இடம்னு நம்பிக்கை. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தப்போ அயோத்தியில இருந்து சரயு நதித் தண்ணியே கொண்டு வந்தாங்க. அங்க எங்களுக்கு இருபது நிமிஷம். அம்மன் முன்னாடி உட்கார்ந்து சுந்தர காண்டம் ஒரு சர்க்கமாவது வாசிக்கணும்னு புத்தகத்தோட வந்தவங்க, அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டு வந்தாங்க.

ஐந்தாம் நாள் கொழும்புல துணிக்கடை, அப்புறம் ஏர்போர்ட். நாங்க கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாலு கோயில்லயும் சேர்த்து நாங்க இருந்த நேரம் ரெண்டு மணி நேரம்கூட வரல. கடைங்கள்ல ஏழு மணி நேரத்துக்கு மேல.

ஏன் இப்படின்னு கேட்டா, கைடு மேலயோ டிரைவர் மேலயோ கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. இங்க கம்பெனிங்க போட்டி போட்டு விலையைக் குறைக்கிறாங்க. குறைச்ச பணத்தை எங்கயாவது எடுக்கணும். கூட்டிப் போற ஆளுக்கு கடை கமிஷன் கொடுக்குது. அவருக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெருசுன்னா, அவர் எங்க பஸ்ஸை நிறுத்துவாரு? பேக்டரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லா புரியும். எதுக்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் லைன் உற்பத்தி பண்ணும். எண்ணிக்கைக்குக் காசுன்னா எண்ணிக்கை வரும், தரம் வராது. கடைக்குக் காசுன்னா கடைதான் வரும், தரிசனம் வராது.

இவ்வளவு குறை சொன்னாலும், மனசுல நின்ன ஒண்ணு இருக்கு. அது நோட்டீஸ்ல இல்லாத ஒண்ணு.

நுவரெலியா போற வழியில, கொழுந்து பறிக்கிற பெண்களைப் போட்டோ எடுக்க பஸ்ஸை நிறுத்தினாங்க. "நூறு ரூபா கொடுத்தா சிரிப்பாங்க"ன்னு கைடு சொன்னாரு. எங்க கூட வந்த ஒரு பாட்டிக்கு எழுபத்து நாலு வயசு. காப்பார் பக்கத்து தோட்டத்துல முப்பது வருஷம் மரம் சீவினவங்க. அவங்க போட்டோ எடுக்கல. நேரா போய் அந்தப் பெண்ணோட கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க. "எத்தனை மணிக்கும்மா பெரட்டு?"ன்னு கேட்டாங்க. பெரட்டுன்னா காலையில ஆள் எண்ணுறது. நம்ம தோட்டத்துலயும் அதே வார்த்தைதான். அந்தப் பெண்ணுக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. அப்புறம் லயத்து வீடு, மாரியம்மன் திருவிழா, பிள்ளைங்க படிப்புன்னு பேச்சு ஓடுச்சு. அவங்க டீ பேக்டரியில மெஷின் ரோதையைக் காக்கிற சாமிக்கு ரோதமுனின்னு பேராம். வருஷா வருஷம் பூஜை போடுவாங்களாம். பேக்டரிக்குள்ளயே ஒரு முனீஸ்வரன்! பத்து நிமிஷத்துல ஹாரன் அடிச்சுட்டாங்க.

இந்த மக்கள் யாருன்னு பஸ்ஸுல ஒருத்தரும் சொல்லல. 1867-ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவுல தேயிலை போட்டதை மட்டும் டீ பேக்டரியில பெருமையா சொன்னாங்க. அந்தத் தேயிலையை வளர்த்தவங்க நம்ம ஆளுங்க. நம்ம பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி கிள்ளானுக்கு வந்தாங்க. அதே தமிழ்நாட்டு ஊர்கள்ல இருந்து அவங்க மன்னார் வழியா மாத்தளைக்குக் காட்டுல நடந்து போனாங்க. வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கின வருஷமே குடியுரிமைச் சட்டம் போட்டு, அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. 1964-ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு மனுஷங்களைப் பங்கு போட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்குக் குடியுரிமை தர 2003-ல தான் சட்டம் வந்துச்சு. சிவப்பு ஐசி வச்சுக்கிட்டு காலம் பூரா அலைஞ்ச நம்ம பெரியவங்களை நினைச்சுப் பாருங்க, இது எவ்வளவு பெரிய வலின்னு புரியும். 2023-ல அவங்க மலையகம் வந்த இருநூறு வருஷத்தை நினைச்சு, அதே மன்னார் - மாத்தளை பாதையில திரும்ப நடந்தாங்க.

சொந்தக்காரங்களைப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்துல, நம்மளை நூறு ரூபா கொடுத்து போட்டோ எடுக்கிற டூரிஸ்ட்டா ஆக்கிட்டாங்க. எங்களுக்கு நடை சாத்தினதைவிட இதுதான் அதிகமா வலிச்சுது.

சில பேர் சொல்றாங்க, "சாமி பார்க்கப் போயிட்டு வந்து குறை சொன்னா புண்ணியம் போயிடும்"னு. நாங்க சாமியைக் குறை சொல்லல. அந்தப் பாட்டி இபிஎஃப் பணத்துல மிச்சம் வச்சிருந்ததை எடுத்துத்தான் வந்தாங்க. இன்னொரு தடவை போக அவங்களுக்கு வசதியும் இருக்காது, உடம்பும் இடம் கொடுக்காது. அவங்க கோணேசரைப் பார்க்காம திரும்பினதுக்கு யாரும் வாய் திறக்கலன்னா, அடுத்த பஸ்ஸும் அதே கடையிலதான் நிக்கும்.

அதனால அடுத்து போறவங்களுக்கு எங்க யோசனை:

1. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கோயிலுக்கும் எத்தனை மணிக்குப் போறோம், நடை எத்தனை மணிக்குத் திறக்கும், எவ்வளவு நேரம் இருப்போம்னு எழுத்துல வாங்குங்க.

2. எத்தனை கடையில நிறுத்துவாங்கன்னும் எழுதச் சொல்லுங்க. ஒண்ணுக்கு மேல வேணாம். விலை முந்நூறு வெள்ளி கூடினாலும் பரவாயில்ல, தரிசனம் கிடைக்கும்.

3. ஐந்து நாள்ல இலங்கை முழுக்க பார்க்க முடியாது. கொழும்புல இருந்து திருகோணமலை மட்டுமே 260 கிலோமீட்டருக்கு மேல. ஒரு தடவை மலையகம் மட்டும் போங்க. இன்னொரு தடவை திருகோணமலை, திருக்கேதீஸ்வரம், நல்லூர், கீரிமலைன்னு வச்சுக்குங்க.

4. தமிழ் பேசுற, தலவரலாறு தெரிஞ்ச, அந்த நாட்டுல லைசென்ஸ் உள்ள கைடு வேணும்னு கேளுங்க.

5. மலையகத்துல ஒரு தோட்டத்துக் கோயில்ல ஒரு வேளை பூஜை, அங்க உள்ளவங்களோட சேர்ந்து சாப்பாடு, இதைத் திட்டத்துல சேர்க்கச் சொல்லுங்க. அங்க உள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நோட்டுப் புத்தகம் கொண்டு போகலாம்.

6. இங்க உள்ள கம்பெனிக்கு 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க. ரசீது இல்லாம, தனி ஆள் பேருக்குப் பணம் போடாதீங்க. சொன்னதைச் செய்யலன்னா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. எழுத்துல இருந்தாத்தான் அங்க பேச முடியும், அதை மறந்துடாதீங்க.

ஆலய நிர்வாகத்துக்கும் பணிவா ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல இதைப் பேசுங்க. நம்ம ஆலயத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதுக்கு டூர் விளம்பரம் கொண்டு வர்றவங்க, மேல சொன்ன ஆறுக்கும் பதில் கொடுத்தாத்தான் ஒட்டணும்னு ஒரு முடிவு எடுங்க. நம்ம சுவர்ல இருக்கிறதை ஆலயமே சொன்ன மாதிரிதான் வயசானவங்க எடுத்துக்குறாங்க.

அந்தப் பாட்டியைக் கோணேசர் முன்னாடி கொண்டு போய் நிறுத்தணும்னு நாங்க ஆறு பேரும் இப்பவே தனியா ஒரு சீட்டு ஆரம்பிச்சிருக்கோம். கூட சேர நினைக்கிறவங்க வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்துல எங்களைப் பாருங்க.

சிவாய நம.