ஒரு வண்டும் ஒரு கூரைச் சீற்றும்

டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட்ஹாமுக்கு அடுத்த நிலையம் பார்க்கிங். அங்கே ஹார்ட்ஸ் லேனில் 1913 முதல் 1968 வரை கேப் அஸ்பெஸ்டஸ் கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. இன்று அந்த நிலத்தில் வீடுகள் நிற்கின்றன.

அங்கே வேலை செய்தவர்கள் சுவாசித்த தூசு, பல பத்தாண்டுகள் கழித்து மெசொதெலியோமா என்ற புற்றுநோயாக வந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் நோய் அது. 1965இல் நியூஹவுஸ், தொம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனில் இந்த நோய் வந்த 76 பேரின் வரலாற்றைத் தேடினார்கள். தொழிலாளிகள் மட்டும் அதில் இல்லை. தொழிலாளியின் உடுப்பைத் தோய்த்த மனைவிமாரும் இருந்தார்கள். வேறு எந்தத் தொடர்பும் இல்லாமல், அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்த 11 பேரும் இருந்தார்கள்.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். 1930இலேயே மெரிவெதர், பிரைஸ் அறிக்கை வந்துவிட்டது: சோதித்த 363 அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்களில் 95 பேரின் நுரையீரலில் தழும்பு. 1955இல் ரிச்சர்ட் டோல் நுரையீரல் புற்றுநோயோடு உள்ள தொடர்பைக் காட்டினார். பிரிட்டன் வெள்ளை அஸ்பெஸ்டஸைத் தடை செய்தது 1999இல். முதல் அறிக்கைக்கும் தடைக்கும் இடையில் 69 ஆண்டுகள். இன்றும் இந்த நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டோர் மெசொதெலியோமாவால் இறக்கிறார்கள்.

என் வேலையில் ஒரு மென்பொருளில் பிழை இருந்தால் அடுத்த நாளே தொலைபேசி அடிக்கும். நாற்பது ஆண்டு கழித்துத்தான் அடிக்கும் என்றால் எத்தனை பேர் ஒழுங்காகச் சோதிப்பார்கள்? இலாபம் இன்றைக்கு, நோய் நாற்பது ஆண்டு கழித்து. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இப்போது ஊருக்கு வருவோம். அம்மம்மா வீட்டுக் குசினிக்கோ மாட்டுக் கொட்டிலுக்கோ மேலே சாம்பல் நிறச் சீற் பார்த்திருப்பீர்கள். இலங்கை அரசு 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்தது என்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகுக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதிலும் ரஷ்யாதான் முதலிடம். கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. மலையகத் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தைப் பணயம் வைத்து, எங்கள் சனத்தின் நுரையீரலுக்கு விலை பேசினார்கள்.

"வெள்ளை அஸ்பெஸ்டஸ் ஆபத்தில்லை, கவனமாகப் பாவித்தால் போதும்" என்பது விற்பவர்களின் வாதம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கவனமாம்! தொழிற்சாலையில் மூட்டை பிரிக்கும் தொழிலாளிக்கும், வெயிலில் கிரைண்டரால் சீற் வெட்டும் மேசன் அண்ணாவுக்கும் யார் முகமூடி கொடுக்கிறார்கள்?

"ஏழைகளுக்கு மலிவு" என்பது அடுத்த வாதம். அஸ்பெஸ்டஸ் இல்லாத நார்ச் சீமெந்துச் சீற்றும் இருக்கிறது, ஓடும் இருக்கிறது. மலிவு என்பவர்கள் நாற்பது ஆண்டு கழித்து வரும் ஆஸ்பத்திரிச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தம்பி தங்கைகளே, ஊரில் வீடு கட்டவும் பள்ளிக்கூடம் திருத்தவும் நாங்கள்தான் காசு அனுப்புகிறோம். அடுத்த முறை அப்பா காசு அனுப்பும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கூரைக்கு என்ன போடப் போகிறார்கள்?" ஊர்ச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் அதையே கேளுங்கள். அஸ்பெஸ்டஸ் என்றால் காசு இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள். பழைய சீற்றை யாரும் உடைக்கவோ வெட்டவோ துளைக்கவோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உடையும்போதுதான் தூசு பறக்கும்.

லண்டனிலும் இதே கவனம் வேண்டும். 2000க்கு முன் கட்டிய கட்டடம் எதிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கட்டட வேலைக்குப் போகும் மாமாவிடம், சுவரில் கை வைக்கும் முன் அஸ்பெஸ்டஸ் சோதனை அறிக்கையைக் கேட்கச் சொல்லுங்கள். அதைக் காட்டாத முதலாளியிடம் வேலை தொடங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.